நூறு மில்லிவோல்ட் குறைத்த கோடை

கல்யாணம் முடிந்த நாற்பத்தோராம் நாள் அவர் சவூதிக்குத் திரும்பிப் போனார். அந்த நாற்பது நாளில் பாதி, விருந்துக்கே போய்விட்டது. மீதி நாட்களில் நான் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான்: பாகற்காய் ஆகாது, டீ ஆறிப் போனாலும் குடிப்பார், வெட்கம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாட்டுவார். அங்கே அவருக்கு ஏசி மெக்கானிக் வேலை. நான் தென்காசியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர்.

போவதற்கு முந்தின வாரம் அச்சன்புதூரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகக் கூட்டினார். அதற்கான கிராபிக்ஸ் கார்டை சோப்புக்கும் பாதாமுக்கும் நடுவில், தன் பனியன்கள் மூன்றில் சுற்றி சூட்கேஸில் கொண்டுவந்திருந்தார். பழைய கார்டு, செங்கல் கனம். அதை இரண்டு கையாலும் ஏந்தி போர்டில் செருகியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. லினக்ஸ்தான் போட்டார். எங்கள் பள்ளி ஆய்வகத்திலும் அதுதான் என்பதால் எனக்குக் கைப்பழக்கம் உண்டு.

"இதுல விளையாடலாம்" என்றார்.

"யாரு?"

"நாமதான். நீ இங்கன இருந்து, நான் அங்கன இருந்து."

சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாட்டினார்.

நான் அதுவரை ஒரு விளையாட்டும் ஆடியதில்லை. அவர் தேர்ந்தெடுத்தது ஒரு தீவு. கப்பல் உடைந்து இரண்டு பேர் கரை ஒதுங்குகிறார்கள். மரம் வெட்டி, மீன் பிடித்து, வீடு கட்டி, படகு செய்து பக்கத்துத் தீவுகளுக்குப் போக வேண்டும். தீவு இருந்தது அவருடைய சின்ன லேப்டாப்பில். நான் இங்கிருந்து அதற்குள் போவேன், ஹெட்செட் மைக்கில் பேசிக்கொள்வோம். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் பள்ளி விட்டு பஸ் பிடித்து வீடு வர ஐந்து மணி ஆகும். அங்கே அப்போது இரண்டரை. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்தபடி காத்திருப்பார்.

போனில் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது. "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "அங்கன சூடா?" "சூடுதான்." அதற்கு மேல் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். விளையாட்டில் அப்படி இல்லை. கை ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தால் வாய் தானாகத் திறந்துவிடும் போலிருக்கிறது. அடுப்படியைக் கடல் பார்த்து வைப்பதா மலை பார்த்து வைப்பதா என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கச் சண்டை போட்டோம். அந்தச் சண்டைக்கு நடுவில்தான், சின்ன வயதில் அவர் அடுப்படியில் உம்மா பக்கத்திலேயே படுத்துத் தூங்குவார் என்று எனக்குத் தெரிந்தது. இருட்டில் எனக்குப் பயம் என்று அவருக்குத் தெரிந்ததும் அந்தத் தீவில்தான். அதன் பிறகு பொழுது சாய்ந்ததும் தீப்பந்தத்தை எடுத்துக்கொண்டு என் முன்னால் நடப்பார். வெறும் பொம்மைதான். ஆனாலும் எனக்கு அது அவர்தான்.

மார்ச் வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. ஏப்ரலில் வெயில் ஏறியது. எங்கள் மாடியறைச் சுவர் மேற்கு பார்த்தது. மேலே வெறும் கான்கிரீட். மாலை ஐந்து மணிக்குச் சுவரைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். விளையாட ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் கிராபிக்ஸ் கார்டின் ஃபேன்கள் கத்த ஆரம்பிக்கும்.

"ஏட்டி, வீட்டுல யாரு மிக்சி போடுதா?" என்று முதல் தடவை கேட்டார்.

"மிக்சி இல்ல மச்சான். உங்க கம்ப்யூட்டர் போடுத சத்தம்."

அவர் சிரித்தார். ஆனால் அன்றைக்குக் கால் மணி நேரத்தில் திரை கறுத்து, கம்ப்யூட்டரே அணைந்துபோனது. மறுபடி போட்டால் மறுபடியும் அதே கதை. அடுத்த வாரமும் அப்படியே.

ஒரு வெள்ளிக்கிழமை தீவின் மறுபக்கத்துக் காட்டில் இருந்தோம். பொழுது சாய்ந்திருந்தது. அங்கே காட்டுப்பன்றி வரும். அந்த நேரம் பார்த்து என் பக்கம் அணைந்தது. திரும்பப் போட்டு உள்ளே போக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போய்ப் பார்த்தால், நான் மறைந்த அதே இடத்தில் அவர் தீப்பந்தத்தோடு நிற்கிறார். சுற்றி மூன்று பன்றி செத்துக் கிடக்கிறது.

"நீங்க வீட்டுக்குப் போயிருக்கலாம்லா?"

"நீ திரும்ப வரும்போது இங்கனதானே வருவ. இருட்டா இருக்குமே" என்றார்.

மைக்கை அணைத்துவிட்டு அந்தத் தீப்பந்தத்தின் பின்னாலேயே நடந்தேன்.

அவர் ஏசி மெக்கானிக் இல்லையா, சூட்டைப் பற்றி அவருக்குத் தெரியும். போனிலேயே சொல்லச் சொல்ல, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். தூசியை பிரஷால் தட்டினேன். டேபிள் ஃபேனை நேராக அதன் வயிற்றுக்குள் திருப்பி வைத்தேன். விளையாட்டில் படத்தின் தரத்தையும் குறைத்துப் பார்த்தேன். கரையில் இருக்கும் வரை தாங்கும். கடலுக்குள் போனதும், அலையைக் காட்ட வேண்டிய வேலை கூடி, பழைய கதைதான்.

"அந்தக் கார்டு கரண்ட்ட ரொம்ப இழுக்குது. உள்ள இருக்க பவர் சப்ளை தாங்கல" என்றார் கடைசியில். "நான் லீவுல வரும்போது வேற வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் விளையாட வேண்டாம் புள்ள."

அவருடைய லீவுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. சரி என்று சொல்லி போனை வைத்தேன். சொல்லிவிட்டேனே தவிர, கீழே இறங்கிப் போய்ச் சோறு வடிக்க மனம் வரவில்லை. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மற்ற நேரமெல்லாம் நான் ஒரு வீட்டுக்கு வந்திருக்கும் மருமகள், அவ்வளவுதான்.

மே மாத விடுமுறை தொடங்கியிருந்தது. பகலெல்லாம் மாடியில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். அப்படித்தான் அண்டர்வோல்ட் என்ற வார்த்தை கண்ணில் பட்டது. விஷயம் இதுதான். ஒரே மாதிரி கார்டுகள் ஆயிரக்கணக்கில் செய்யும்போது அத்தனையும் ஒரே தரமாக இருக்காது. எல்லாக் கார்டும் தடுமாறாமல் ஓடட்டும் என்று, தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மின்னழுத்தத்தை வைத்து அனுப்புவார்கள். அந்தக் கூடுதல் பெரும்பாலும் சூடாகத்தான் போகும். நம் கார்டுக்கு உண்மையில் எவ்வளவு போதும் என்று நாமே கண்டுபிடித்துக் குறைத்தால், அதே வேகத்தில் ஓடும், சூடும் கரண்டும் குறையும். எவ்வளவு குறைக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. கார்டுக்குக் கார்டு மாறும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான் ஆறு வருடமாகக் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் சிபியு படத்தை அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறேனே தவிர, ஒரு கம்ப்யூட்டரின் உள்விஷயத்தில் கை வைத்ததில்லை. இதற்கு முதலில், கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போது படிக்கும் வரியில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். கார்டின் எண்களை நாம் மாற்றலாம் என்று அனுமதி கொடுக்கும் சொல். அதில் தப்பு வந்தால் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஆரம்பிக்காமல் போகலாம். பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வரியை எழுதி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தேன். பரீட்சை எழுதும் பிள்ளைகளிடம் "நல்லா திருப்பிப் பாத்துட்டுக் குடுங்க" என்று நான் சொல்லும் குரலே எனக்குள் கேட்டது.

கம்ப்யூட்டர் திரும்ப எழுந்தது. கார்டின் அட்டவணை திரையில் வந்தது. எட்டே எட்டு வரி. வரிக்கு ஒரு வேகம், அதற்கு ஒரு மின்னழுத்தம். கடைசி வரிதான் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது உள்ளது: ஆயிரத்து முந்நூற்று நாற்பது மெகாஹெர்ட்ஸ், ஆயிரத்து நூற்றைம்பது மில்லிவோல்ட். இத்தனை சத்தமும் சூடும் இந்த ஒற்றை வரியில்தான் இருந்தது. முதலில் இருபத்தைந்து மட்டும் குறைத்தேன். என்டர் கீயை அழுத்தும் முன்னால் பிஸ்மி சொன்னேன்.

ஒன்றும் ஆகவில்லை. கார்டுக்குக் கடுமையான வேலை கொடுத்துச் சோதிக்கும் ஒரு நிரல் இருக்கிறது. அதை அரை மணி நேரம் ஓட விட்டு, சூட்டைப் பார்த்து நோட்டில் குறித்தேன். எண்பத்தாறிலிருந்து எண்பத்து மூன்று. அடுத்த நாள் இன்னும் இருபத்தைந்து குறைத்தேன். பிறகு இன்னும். ஆயிரத்து ஐம்பதுக்கு வந்தபோது எழுபத்து நான்கு டிகிரி. ஃபேன் சத்தம் மிக்சியிலிருந்து மேசை விசிறிக்கு இறங்கியிருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆயிரத்து இருபத்தைந்தும் சோதனையில் தாங்கியது. ஆயிரம் என்று போட்டேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். திரையெங்கும் பச்சைப் பச்சையாகச் சதுரங்கள். பிறகு எல்லாம் உறைந்துபோனது. எந்தக் கீயை அழுத்தினாலும் அசைவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அந்தக் கார்டைச் சுற்றியிருந்த மூன்று பனியனும் நினைவுக்கு வந்தன. அவர் கை வைத்து என்னிடம் விட்டுப் போன ஒரே பொருளை நான் எரித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாடிப்படியில் காலடிச் சத்தம். அவருடைய உம்மா. காயப்போட்ட துணியை எடுக்க வந்தவர், வாசலில் நின்று என்னைப் பார்த்தார். மாமிக்கும் எனக்கும் அதுவரை மரியாதையான பேச்சுதான், நெருக்கம் என்று சொல்ல முடியாது.

"என்ன புள்ள, மூஞ்சி இப்படி இருக்கு?"

"கெடுத்துட்டேன் மாமி."

"என்னத்த?"

"அவங்க கொண்டுவந்தத."

மாமி கம்ப்யூட்டரைப் பார்த்தார். குனிந்து மோந்தும் பார்த்தார். "தீயா புடிச்சிருக்கு? இல்லலா. அழுவாத, தண்ணிய குடி மொதல்ல." துணியை என் மடியில் போட்டுவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை என் பக்கத்தில் நின்றார். பிறகு அந்த சுவிட்சை நான் போடும்வரையும் நின்றார்.

கம்ப்யூட்டர் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்தது. அட்டவணையைத் திறந்தேன். கடைசி வரியில் மறுபடியும் ஆயிரத்து நூற்றைம்பது. நான் மாற்றிய எண்கள் அணைத்துப் போட்டால் அழிந்துபோகும் என்று படித்திருந்தேன்தான். பயத்தில் மறந்துவிட்டேன். செய்த தப்பு எதையும் அது நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவரும் சிரித்தார்.

ஆயிரத்து ஐம்பதில் முடிவாக வைத்தேன். ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டர் எழும்போதும் அந்த எண்ணைத் தானாகப் போடும்படி சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை, அவரிடம் ஒன்றும் சொல்லாமல், "சும்மா ஒருதடவ பாப்போம், வாங்க" என்று கூப்பிட்டேன்.

கால் மணி ஆனது. அரை மணி ஆனது, ஒரு மணியும் தாண்டியது. படகில் ஏறிக் கடலுக்குள் போயிருந்தோம். அவர் திடீரென்று, "ஏட்டி, மைக்க ஆஃப் பண்ணிட்டியா? ஒரு சத்தமும் கேக்கலியே" என்றார்.

"ஆன்லதான் இருக்கு."

"மிக்சி எங்க?"

அப்போது கீழே தெருவில் மீன்காரர் ஹாரனை அடித்துக்கொண்டு போனார். மாமி கொல்லையிலிருந்து, "மத்தி இருக்கா?" என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

அவர் துடுப்பு போடுவதை நிறுத்திவிட்டார். "அது மீன்காரர்தானே? இன்னும் அதே ஹாரனா வச்சிருக்காரு?" கொஞ்ச நேரம் கழித்து, "உம்மா சத்தம் நல்லா கேக்குது" என்றார்.

"கூப்பிடவா?"

"வேண்டாம். நீயும் கொஞ்ச நேரம் பேசாம இரு புள்ள. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

படகு நடுக்கடலில் நின்றது. கீழே மாமி மீன்காரரோடு பேரம் பேசினார். பக்கத்து வீட்டுப் பிள்ளை எதற்கோ அழுதது. வயல் பக்கமிருந்து ஒரு டிராக்டர் வந்து போனது. பிறகு பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் மூச்சு மட்டும் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக அவர் போனில் கேட்டதெல்லாம் அவருக்காகப் பேசிய பேச்சு. தான் இல்லாதபோது வீடு எப்படிச் சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் கேட்டார்.

பாங்கு முடிந்ததும், "என்ன செஞ்ச?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைச் சதுரத்தையும் சொன்னேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?" என்றார். அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மாமியும் மாடிக்கு வர ஆரம்பித்தார். மகனோடு பேசுவதற்கென்று வரவில்லை. போனைக் கொடுத்தால், "சாப்பிட்டியாப்பா, ஒடம்பு நல்லாருக்கா" என்று கேட்டுவிட்டு என்னிடம் திருப்பித் தருகிறவர்தான். ஆனால் கட்டிலில் உட்கார்ந்து சீனிஅவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "நேத்து உன் மாமா வீட்டு ஆடு குட்டி போட்டிச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். மாமி வந்தால் நான் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவேன்; அங்கிருந்து, "எத்தன குட்டி?" என்று குரல் வரும். பேச்சு அது பாட்டுக்கு நடக்கும். நான் மரம் வெட்டிக்கொண்டிருப்பேன்.

ஜூன் பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கியது. அறை குளிர்ந்தது. அவருக்கு ஆசையும் ஏறியது.

"குறைச்சதுலயே இவ்வளவு மிச்சம் இருக்குன்னா, வேகத்த மேல ஏத்திப் பாரேன்" என்றார். வேகத்தை ஏற்றுவதை ஓவர்கிளாக் என்பார்கள். கார்டின் மெமரி வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். கடல் வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. இன்னும் ஏற்று என்றார். திரை மினுக்கியது. பழைய இடத்துக்கே வந்தேன். "மெமரிய விடு, கார்டு வேகத்தையே ஆயிரத்து நானூறு வையி" என்றார்.

"வோல்ட்டக் குறைச்சிட்டு வேகத்த ஏத்துனா தாங்காது மச்சான்."

"சூட்டப் பத்தி எங்கிட்டயா சொல்லுத? நான் சொல்லுதேன், வையி."

வைத்தேன். நடுக்கடலில் திரை உறைந்தது. புயல் அடித்துக்கொண்டிருந்தது. சுக்கான் என் கையில் இருந்தது. நான் திரும்பி வருவதற்குள் படகு பாறையில் மோதி, மூன்று வாரம் சேர்த்த அத்தனை பொருளும் கடலுக்குள் போய்விட்டது.

"உனக்கு ஒழுங்கா வைக்கத் தெரியல" என்றார்.

நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மேலே போகவில்லை. பள்ளி திறந்துவிட்டதால் வேலை இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். அவரும் சரி என்று மட்டும் அனுப்பினார். படகு போனது எனக்குப் பெரிதில்லை. நான் தனியாக இருபது நாள் உட்கார்ந்து கண்டுபிடித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கியதுதான் உறுத்தியது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்து மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். மாமி கட்டிலில் சீனிஅவரைக்காயோடு உட்கார்ந்திருந்தார். நறுக்கி முடித்தே வெகுநேரம் ஆகியிருக்கும் போல.

"இன்னைக்கும் இல்லியா?" என்றார்.

"இல்ல மாமி."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவன் சத்தம் கேட்டு ரெண்டு வாரம் ஆச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.

துணியைத் தோளில் போட்டபடியே சுவிட்சைப் போட்டேன். என் எண்களையே திரும்ப வைத்தேன். தீவுக்குள் போனேன். அவர் அங்கே இருந்தார். கரையில் புதுப் படகு ஒன்று பாதிக்கு மேல் கட்டி நின்றது. இரண்டு வெள்ளிக்கிழமையும் தனியாக வந்து மரம் வெட்டியிருக்கிறார்.

ஹெட்செட்டை மாட்டினேன். நான் கோடரியை எடுத்துப் பக்கத்து மரத்தை வெட்ட ஆரம்பித்தேன்.

"பழைய நம்பரா வச்சிருக்க?" என்றார் இரண்டு மரம் விழுந்த பிறகு.

"ஆமா."

"அதையே வச்சுக்கோ. நீ வச்சதுதான் சரி." அப்புறம், "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது புள்ள" என்றார்.

நான் எழுந்து படிக்குப் போய், "மாமி, மேல வாங்க" என்று கூப்பிட்டேன்.

ஜூலை கடைசியில் லீவில் வந்தார். நன்றாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்த நேரம். ஏழு மாதம் காதுக்குள்ளேயே இருந்த ஆள் திடீரென்று உயரமும் அகலமுமாக எதிரே நின்றதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவருக்கும்தான். நான்கு நாள் மறுபடியும் சாப்பிட்டாச்சா, ஆச்சு என்றே போனது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நான் பழக்கத்தில் மாடிக்கு ஏறினேன். கொஞ்ச நேரத்தில் திரையில் அவர் பெயர் வந்தது. கீழே முன்னறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"மேல வந்தா என்ன?" என்றேன் மைக்கில்.

"வரவா?" என்றார். அதே குரல். எனக்குத் தெரிந்த ஆள்.

மாமி கீழேயிருந்து, "ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ரெண்டுபேரும் போன்லயா பேசுதீக!" என்று கத்தியது படி வழியாகவும் ஹெட்செட் வழியாகவும் கேட்டது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேசையில் கிடந்த பாடக்குறிப்பு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நாள், அறையின் சூடு, கார்டின் சூடு, எத்தனை நிமிடம் தாங்கியது என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஒரு பக்கத்தில் மட்டும், 'இன்று மீன்காரர் ஹாரன் கேட்டது' என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் அவர் வெகுநேரம் இருந்தார். பிறகு நோட்டை மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டார். கடிகாரத்தைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் குற்றாலம் போனோம். கூட்டம் தாங்கவில்லை. அருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. மாமியும் நானும் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தோம். இரைச்சலில் காது அடைத்துப்போனது. அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஏதோ கத்தினார். கையை ஆட்டியதுதான் தெரிந்தது. ஒரு சொல்லும் விழவில்லை. வெளியே வந்து நடுங்கிக்கொண்டே மிளகாய் பஜ்ஜி தின்னும்போது, "என்ன கத்துனீக?" என்றேன்.

"சும்மா, உன் பேரச் சொன்னேன்" என்றார். மாமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ரம்புட்டான் விலை கேட்கப் போனார்.

அவர் வேறு பவர் சப்ளை வாங்கி மாட்டத் தயாராகத்தான் வந்திருந்தார். மாட்டினார். "இனி நீ பழையபடி முழு வோல்ட்டுல வச்சாலும் தாங்கும்" என்றார். நான் மாற்றவில்லை. அவரும் மாற்றச் சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டியெல்லாம் கட்டியான பிறகு மாமி மாடிக்கு வந்தார். அத்தனை மாதம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தும் அவர் திரையை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அன்றைக்கு மகனிடம், "எங்கன இருக்கு, நீங்க கட்டுன வீடு? காட்டு பாப்போம்" என்றார். நான் தீவைத் திறந்தேன். அவர் ஒவ்வொரு அறையாக உம்மாவைக் கூட்டிப் போனார்.

"அடுப்படி நல்லா வெளிச்சமாத்தான் இருக்கு" என்றார் மாமி. பிறகு, "என் ரூம் எங்க?" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கார் வர முக்கால் மணி நேரம் இருந்தது. அவர் லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து திரும்ப வெளியே எடுத்தார். நான் மரம் வெட்ட, அவர் சுவர் வைக்க, மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் கார் ஹாரன் அடித்தபோது கூரை பாதிதான் போட்டிருந்தோம்.

"மிச்சத்த வெள்ளிக்கிழம போடுவோம்" என்று சொல்லி அவர் எழுந்தார்.